இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் எனது மார்பில் இருந்த பேஸ்மேக்கரை மாற்றினார்கள். அதற்குப் பின்னரான ஏழு மாதங்களில் ஒரே வசனத்தை ஐந்து பேரிடம் கேட்டேன். இருதய நோய் நிபுணர், அவருக்கு உதவியாக இருந்த இளம் வைத்தியர்கள் இருவர், கருவியைச் சோதித்த தொழில்நுட்பவியலாளர், கடைசியாக எனது குடும்ப வைத்தியர். 'இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது' என்பதே அந்த வசனம். ஐந்து பேரும் சொன்னது உண்மை. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. நான்தான் நன்றாக இருக்கவில்லை.

இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கமுடியும் என்பதை அவர்களில் எவரும் ஏற்க ஆயத்தமாக இல்லை என்பதுதான் எனது முறைப்பாடு. நாற்பது வருடங்களுக்கு மேலாக அரசியலைப் பற்றி எழுதிவந்தவன் இப்போது தனது நெஞ்சைப் பற்றி எழுத முற்பட்டிருப்பதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். என்னைப் போன்று ஒரு கருவியைச் சுமந்துகொண்டு, மாற்றிய நாள் முதல் 'ஏதோ சரியில்லை' என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனவர்கள் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகே எழுதத் துணிந்தேன்.

எனது இதயத்தில் இருப்பது இரத்தக்குழாய் அடைப்பு அல்ல. துடிப்பைத் தொடக்கிவைக்கும் இயற்கையான மையம் சோம்பிப்போய்விட்டது. நான் படுத்திருந்தாலும் சரி, படியேறினாலும் சரி, அது தன்பாட்டில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து தடவை துடித்துக்கொண்டிருக்கும். 2011 ஆம் ஆண்டு முதலாவது பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். பொருத்திய சில வாரங்களில் வயதான ஒரு தொழில்நுட்பவியலாளர் என்னை வைத்தியசாலை விறாந்தையில் மேலும் கீழும் நடக்கவைத்தார். படிகளில் ஏற்றி இறக்கினார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கேட்டு இரண்டு தடவை செற்றிங்கை மாற்றினார். அந்த மனிதர் அன்று என்ன செய்தார் என்பது பதினொரு வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

பேஸ்மேக்கரை மாற்றுவது என்றால் பெரும்பாலும் பற்றரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தோலுக்குக் கீழே இருக்கும் சிறு உலோகப் பேழையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இதயத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய வயர்களை அதனுடன் இணைத்துவிடுவார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் காரியம். மணிக்கூட்டுக்குப் பற்றரி போடுவது போல என்று எனக்குச் சொன்னார்கள். அந்த உவமானத்தை முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. நோயாளிகளுக்கு அவர் பெரிய அநியாயம் செய்துவிட்டார். மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்றினால் பழைய மணிக்கூடு அப்படியே இருக்கும். இங்கே மாறுவது பற்றரி மாத்திரமல்ல. அதனுடன் ஒட்டியிருக்கும் மூளையும் மாறிவிடுகிறது. எந்த வேகத்தில் துடிக்கவேண்டும், எப்போது வேகத்தைக் கூட்டவேண்டும், எதை அசைவென்று எடுக்கவேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்றெல்லாம் முடிவுசெய்வது அந்தப் பேழைதான்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்பதை இலங்கையர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்தமுடியாது என்று அறிவித்தது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்ட செய்திகளை நாம் தினமும் வாசித்தோம். அந்த நிலையில் எனக்குக் கருவி ஒன்று கிடைத்ததே பெரிய காரியம். எந்த நிறுவனத்துடையது என்று நான் கேட்கவுமில்லை, எவரும் சொல்லவுமில்லை. அதற்காக எவரையும் குறைகூறமாட்டேன். குறைகூற வருவது அதற்குப் பின்னர் நடந்தவற்றைத்தான்.

வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியில் எமது வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் மின்தூக்கி நின்றுவிடும். அதுவரையில் மரக்கறிப் பையுடன் ஏறிப் பழகிய படிகளில் இரண்டாவது திருப்பத்திலேயே நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. கால்கள் ஈயம் போலக் கனத்தன. ஆனால், முச்சக்கர வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, காலி வீதியிலிருந்து குன்றும் குழியுமான ஒழுங்கைக்குள் வண்டி திரும்பியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உழைக்கும்போது அடிக்காத இதயம் உட்கார்ந்திருக்கும்போது அடிப்பது ஏன்? இந்தக் கேள்வியை இதே சொற்களில் நான் நிபுணரிடம் கேட்டேன். பத்திரிகையாளனுக்குக் கேள்வி கேட்கவாவது தெரியும் அல்லவா? அவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்தார். எக்கோ செய்வித்தார். இரத்தம், தைரொயிட் எல்லாம் சோதிப்பித்தார். அனைத்தும் சரி. "இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, எழுபது வயது தாண்டிவிட்டது அல்லவா?" என்றார். மே மாதத்திலும் எனக்கு எழுபது தாண்டித்தான் இருந்தது. மே மாதத்தில் நான் படியேறினேன்.

ஐந்தாவது மாதம் இளம் வைத்தியர் ஒருவர் பதற்றத்துக்கான சிறிய மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத் தமிழில் படபடப்பு வேறு, பதகளிப்பு வேறு. நெஞ்சு அடித்துக்கொள்வது படபடப்பு. மனம் அந்தரப்படுவது பதகளிப்பு. அதேபோல, களைக்கிறது என்று நாம் சொல்வது சோர்வை அல்ல; மூச்சு வாங்குவதைத்தான். நான் "படிஏறினால் களைக்குது, ஓட்டோவிலை போனால் படபடக்குது" என்று சொன்னேன். தமிழ் ஓரளவு தெரிந்த தாதி அதை வைத்தியருக்குச் சிங்களத்தில் சொன்னார். வைத்தியர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். மூன்று மொழிகளைக் கடந்து கோப்பில் போய்ச் சேர்ந்தபோது எனது மூச்சுவாங்கல் சோர்வாகவும் எனது படபடப்பு மனப்பதற்றமாகவும் மாறியிருந்தன. தமிழ் இந்த நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசகரும மொழி. வைத்தியசாலைக் கோப்பில் அது எப்போது நோயாளியின் மொழியாகும் என்று கேட்டு நானே எத்தனை ஆசிரிய தலையங்கங்களை எழுதியிருப்பேன். எனக்கென்று வந்தபோது, அந்தப் பிள்ளைகள் மூவரில் எவர் மீதும் கோபிக்க முடியவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள்.

கனடாவில் வைத்தியசாலை ஒன்றின் இருதய பரிசோதனைப் பிரிவில் வேலைசெய்யும் எனது தங்கையின் மகன் 2023 ஜனவரியில் பொங்கல் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் வந்தான். கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, பழைய மெஷினின்ரை செற்றிங் பேப்பர் உங்களிட்டை இருக்கோ?" இருந்தது. பழைய பத்திரிகை நறுக்குகளுடன் எதையும் எறியாமல் வைத்திருக்கும் எனது கெட்ட பழக்கம் ஒரு தடவை உதவியது. புதிய கருவியின் தாளைத்தான் கெஞ்சிப் பெறவேண்டியிருந்தது. "உங்களுக்கு எதற்கு அது?" என்று கேட்டார்கள்.

இரண்டு தாள்களையும் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. பழைய கருவி அடிப்படை வேகமாக நிமிடத்துக்கு 70 துடிப்புகளில் வைக்கப்பட்டிருந்தது; புதியது 60 இல். பழையது எனது சுவாசத்தை அளந்து வேகத்தைக் கூட்டியது. புதியது வேறு நிறுவனத்தின் தயாரிப்பு, உடலின் குலுங்கலை அளந்து கூட்டுகிறது. எழுபது வயதுக்காரன் படியில் மெதுவாக ஏறும்போது உடம்பு குலுங்குவதில்லை. ஆகவே, நான் உறங்குகிறேன் என்று அது எண்ணியது. முச்சக்கர வண்டி குலுக்கியபோது, நான் ஓடுகிறேன் என்று எண்ணி 130 வரைக்கும் கொண்டுபோயிற்று. அவனுடைய கணிப்பின்படி, புதிய கருவியின் எண்கள் அநேகமாக எல்லாமே தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருந்தன. எவரும் தொடவில்லை.

இப்போது எனது தொழிலில் இருந்து ஒரு உதாரணத்தைச் சொல்கிறேன். காலையில் ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, 'முதல் பக்கத்தில் இறந்தவரின் பெயரைப் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள்' என்கிறார். ஆசிரியர் எழுந்துபோய் அச்சகத்தைப் பார்த்துவிட்டு வந்து, 'அச்சு இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? இயந்திரம் ஓடுகிறதுதான். அழகாக, ஒரு பிரதிகூடப் பிசகாமல், ஐம்பதாயிரம் தடவை அது பிழையான பெயரை அச்சடித்திருக்கிறது. இருதய சிகிச்சை நிலையங்களில் 'பரிசோதனை' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இந்த அச்சகப் பரிசோதனைதான். பற்றரி எவ்வளவு இருக்கிறது, வயர் அறுந்திருக்கிறதா, மின்தூண்டல் இதயத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவை அவசியமானவை, இவற்றில் தவறினால் ஆள் போய்விடுவார். ஆனால், அச்சடிக்கப்படும் செய்தி சரியா என்பது வேறு கேள்வி. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் நாற்காலியில் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இது எனது கற்பனை அல்ல. மருத்துவ உலகம் தானே நிரூபித்த விடயம் இது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 407 பேரை வைத்து நடத்தப்பட்டு 1998 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் இதயத்தின் மேலறையையும் கீழறையையும் தூண்டக்கூடிய ஒரேவகைக் கருவியைப் பொருத்தினார்கள். பிறகு ஒரு பகுதியினருக்குக் கீழறையை மாத்திரம் தூண்டும்படி செற்றிங்கை வைத்தார்கள். அப்படி வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதமானவர்களுக்கு மயக்கம், களைப்பு, மூச்சுமுட்டல் போன்ற தொல்லைகள் வந்து, இரண்டு அறைகளையும் தூண்டும் முறைக்கு மாற்றவேண்டியதாயிற்று. அதே பேழை, அதே வயர்கள், அதே நெஞ்சு. மாறியது கணினித் திரையில் இருந்த எழுத்துக்கள் மாத்திரமே. அந்த நான்கில் ஒருவரும் 'இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது' என்ற பதிலுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர்கள். அந்தத் தொல்லைகளுக்கு மருத்துவப் புத்தகங்களில் பேஸ்மேக்கர் சின்ட்ரோம் என்று பெயரே இருக்கிறது.

நோர்வேயைச் சேர்ந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மரீ மோவின் கதையையும் சொல்லவேண்டும். அவரே 2016 இல் எழுதியது. இளம் வயதில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட அவர் லண்டனில் கொவென்ற் கார்டன் சுரங்க ரயில் நிலையப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கையில் திடீரென்று மூச்சுத் திணறினார். அவரது நாடி 160 ஐ எட்டியபோது கருவி அதை ஏதோ கோளாறு என்று கருதிப் பாதியாக, 80 ஆகக் குறைத்துவிட்டது. உச்ச எல்லை அவரது வயதுக்குப் பொருந்தாத விதத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதைவிட மோசமான விடயம், கருவியைச் சோதிக்கும் கணினியின் திரை காட்டிய செற்றிங் ஒன்று, உள்ளே இருந்தது இன்னொன்று. கணினியைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண் என்றபடியால் அவரால் விடாமல் துருவ முடிந்தது. பருத்தித்துறையில் இருந்து பஸ்ஸில் வரும் ஆச்சி என்ன செய்வார்?

பழைய வயர்களுடன் புதிய பேழையைச் சேர்ப்பதிலும் பிரச்சினை உண்டு. 2017 ஆம் ஆண்டின் இறுதியில் பொஸ்ரன் சயன்ரிபிக் நிறுவனம் வைத்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை அறிவித்தலை அனுப்பியது. அதன் சில வகைப் பேஸ்மேக்கர்களில், சுவாசத்தை அளப்பதற்காக வயர் வழியாக அனுப்பப்படும் சிறு மின்சமிக்ஞையையே கருவி இதயத்துடிப்பு என்று தவறாக எண்ணி, தூண்டுதலை நிறுத்திவிடக்கூடும் என்றும், அதனால் தலைசுற்றலோ மயக்கமோ வரலாம் என்றும் அது கூறியது. வேறு நிறுவனங்களின் வயர்களுடன் இணைக்கப்பட்ட கருவிகளில் அது கூடுதலாகக் காணப்பட்டது. அறிவித்தல் வருவதற்கு முன்னர் அந்த மயக்கத்துடன் வைத்தியரிடம் போனவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமல்ல.

வைத்திய நண்பர்கள் எனக்கு மறுப்புச் சொல்வார்கள் என்பது தெரியும். ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "மாற்றியதற்குப் பிறகு வந்த எல்லாமே மாற்றியதால் வந்தவை அல்ல" என்றார். சரிதான். அதே மாதத்தில் இரத்தச்சோகை வந்திருக்கலாம், தைரொயிட் குறைந்திருக்கலாம், இதயத் தசை பலவீனப்பட்டிருக்கலாம். கருவியை வைத்த இடத்தில் வீக்கமோ சிவப்போ காய்ச்சலோ இருந்தால் அது செற்றிங் விவகாரமே அல்ல. கிருமித்தொற்றாக இருக்கலாம், உடனே ஓடவேண்டும். பேழையை மாற்றுவது சின்ன விடயம் என்ற பேச்சே தவறு. அமெரிக்காவில் 2010 இல் வெளியான ஒரு பதிவேட்டின்படி, பேழையை மாத்திரம் மாற்றிக்கொண்டவர்களில் 4 சதவீதமானோருக்கு ஆறு மாதங்களுக்குள் பாரதூரமான சிக்கல்கள் ஏற்பட்டன. மனப்பதற்றமும் உண்மையான நோய்தான். நெஞ்சுக்குள் இயந்திரம் இருக்கும் மனிதனுக்குப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், வரிசை எங்கே? இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பதற்குப் பத்து நிமிடங்கள் போதும், ஒரு சதமும் செலவில்லை. அதைச் செய்யாமல் எக்கோவும் இரத்தமும் செய்வித்து, கடைசியில் மனதுக்கு மாத்திரை எழுதுவது எந்த மருத்துவ முறை?

நேரமில்லை என்று சொல்கிறார்கள். நேரமில்லைத்தான். கிளினிக்கில் அறுபது பேர் காத்திருக்கும்போது ஒருவரை விறாந்தையில் நடக்கவைத்துப் பார்க்க எந்த வைத்தியரால் முடியும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் நேரமில்லை என்பதை நேரமில்லை என்றே சொல்லியிருக்கலாம். அதை எனது மனதின் குறைபாடாக மாற்றியதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

60 என்ற அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். அநேக கருவிகள் தொழிற்சாலையில் இருந்து அந்த எண்ணுடன்தான் வருகின்றன. உயரமானவர், குட்டையானவர், தடித்த இதயத் தசை உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் 60. அமெரிக்காவின் வெர்மொன்ற் பல்கலைக்கழகத்தினர் 107 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2023 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதயம் சுருங்குவதில் குறையில்லாமல் விரிவதில் குறைபாடுள்ள ஒருவகை நோயாளிகள் அவர்கள். ஏற்கெனவே பேஸ்மேக்கர் உள்ளவர்கள். ஒரு பகுதியினரை வழமையான 60 இலேயே விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஏற்றவாறு கணக்கிட்டு ஏறக்குறைய 75 இல் வைத்தார்கள். இரண்டாவது பகுதியினருக்கு வாழ்க்கைத் தரம் கூடியது, நடமாட்டம் கூடியது. இது எல்லோருக்கும் பொருந்தாது. எனது இதயத்துக்கே அந்த ஆய்வு பொருந்துமா என்பது வேறு கதை. எவரும் தாங்களாக எண்ணைக் கூட்டச்சொல்லிச் சண்டைபிடிக்கக் கூடாது. ஆனால், 60 என்பது வேதவாக்கு அல்ல என்பதற்கு இது போதும்.

உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 ஒக்டோபர் 8 ஆம் திகதி, ஸ்ரொக்ஹோமின் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில். முதற்கருவி சில மணித்தியாலங்களே வேலைசெய்தது. இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி 2001 வரை, 86 வயது வரை, அவர் வாழ்ந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே செனிங்கும் கருவியைச் செய்த பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்டும் அவருக்கு முன்னரே போய்விட்டார்கள். இந்தக் கதையைப் பேஸ்மேக்கர் நிறுவனங்கள் விரும்பிச் சொல்கின்றன. அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. செய்யமுடியாது, அப்படியொரு கருவியே இல்லை என்று சொன்ன அந்த இருவரையும் விடாமல் நச்சரித்துச் செய்யவைத்தவர் லார்சனின் மனைவி எல்ஸ் மரி. கட்டிலருகே இருந்து, எனது மனிதன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணின் பிடிவாதத்தில் பிறந்த தொழில்நுட்பம் இது. இன்று அதே பிடிவாதத்தைக் காட்டும் மனைவிமாரை 'அம்மா, வீணாக யோசிக்காதீர்கள்' என்று சொல்லி வெளியே அனுப்புகிறார்கள்.

இன்னொரு விடயம். ஒரு நிறுவனத்தின் கருவியை அதே நிறுவனத்தின் கணினியால்தான் வாசிக்கமுடியும். பல இடங்களில் அதை இயக்குபவரும் நிறுவனத்தின் ஆள்தான். எனது இதயம் எந்த எண்ணில் ஓடவேண்டும் என்பதை, அந்தக் கருவியை விற்றவர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார், வைத்தியர் கையொப்பமிடுகிறார், எனக்குத் தாள்கூட இல்லை. நோயாளிகள் தங்களது உடலுக்குள் இருக்கும் கருவியின் தரவுகளைத் தாமே பெற முயல்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று விதிவிலக்கு வாங்குவதற்கே அமெரிக்காவில் 2015 வரை போராடவேண்டியிருந்தது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு பாலம் என்ன செலவில் கட்டப்பட்டது என்று அமைச்சைக் கேட்டுக் கடிதம் எழுதலாம். எனது நெஞ்சுக்குள் நிமிடத்துக்கு எத்தனை என்று கேட்டால், 'உங்களுக்கு எதற்கு அது?'

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. கருவியைக் கழற்றுவதற்கு முன்னர் பழைய செற்றிங்கை அச்சடித்து எடுக்கவேண்டும். புதியதை வைத்த பிறகு அதையும் அச்சடித்து இரண்டையும் நோயாளியிடம் கொடுக்கவேண்டும். எது மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு வரி, அவருக்குத் தெரிந்த மொழியில். அடுத்த வருகையின்போது படியேற முடிகிறதா என்ற ஒரு கேள்வி. அதைச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையால் செய்யலாம். அது வரும்வரை வாசகர்கள் தாங்களே கேட்டுப் பெறுங்கள். மாற்றுவதற்கு முன்னரே கேளுங்கள். பழைய கருவி கழன்ற பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். எப்போது, என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். 'சுகமில்லை' என்று போனால் மாத்திரை கிடைக்கும். 'பதினெட்டாவது படியில் நிற்கிறேன், நாடி 62' என்று போனால் கணினியைத் திறப்பார்கள்.

என் விடயத்தில் அப்படித்தான் நடந்தது. 2023 பெப்ரவரியில் இரண்டு தாள்களையும் கொப்பியையும் மேசையில் வைத்தேன். நிபுணர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "இதை நான் முதலிலேயே பார்த்திருக்கவேண்டும்" என்றார். ஏழு மாதக் கோபமும் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை, ஆனால் அந்த மனிதர் மீது மரியாதை வந்தது. அடிப்படை வேகத்தை 70 ஆக்கினார்கள். சிறிய அசைவுக்கும் விழித்துக்கொள்ளும்படி உணரியைக் கூர்மையாக்கி, உச்சத்தை 130 இல் இருந்து 110 ஆகக் குறைத்தார்கள். எல்லாமாகப் பன்னிரண்டு நிமிடங்கள்.

மூன்றாவது மாடிக்கு இப்போது நிற்காமல் ஏறுகிறேன். முச்சக்கர வண்டியில் நெஞ்சு இன்னும் சற்று அடிக்கிறது. குலுங்கலை அளக்கும் கருவியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று மருமகன் சொல்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது மாத்திரம் நிற்கவில்லை. அதற்குக் காரணம் எவருக்கும் தெரியாது. நிபுணர் "தெரியாது" என்றே சொன்னார், கோப்பிலும் அப்படியே எழுதினார். இரண்டு தாள்களையும் மடித்து அடையாள அட்டையுடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது. அடுத்த கிளினிக்குக்கு முன்னர் படப்பிரதி எடுக்கவேண்டும்.